மஞ்சள் கோட்டு வரும்வரை

ஓரின் டாட்ரோ வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவர். பள்ளிக்கூடப் படிப்பை ஒரு வருஷம் தாமதமாக முடித்தார். முப்பத்தொரு வருஷம் எங்கள் ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டினார், அதிலும் கடைசித் தெரு வரை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஓய்வு பெற்ற மறு மாதமே எங்கள் சைக்கிள் குழுவில் கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டார்.

கடைசி ஆள் என்பது எங்களிடம் ஒரு வேலை. ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டாவது வாரத்தில், வெர்மான்ட் மலைகளில் இலைகள் சிவந்து நிற்கும்போது, நான்கு நாள் பயணம் நடத்துகிறோம். நியூ ஜெர்சியிலிருந்தும் கனெக்டிகட்டிலிருந்தும் முப்பது பேர் வருவார்கள். ஒவ்வொருவரின் சைக்கிளும் என் வேனைவிட விலை கூடியது. மலை ஏறும்போது மூக்கால் அழுவார்கள், உச்சிக்குப் போனதும் தாங்களே அந்த மலையைக் கட்டி முடித்த மாதிரி படம் எடுத்துக்கொள்வார்கள். என் பெயர் நெட்டா. பெட்டிகளையும் மாற்றுச் சக்கரங்களையும் ஆப்பிள் டோனட்டுகளையும் ஏற்றிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் வேன் ஓட்டுவது என் வேலை. சைக்கிள் ஓட்டுவதில்லை. அந்த ஒட்டிப்பிடித்த கால்சட்டையைப் போட்டுக்கொள்ளும் துணிச்சல் கடவுள் எனக்குக் கொடுக்கவில்லை.

மலைக்குள் செல்போன் வேலை செய்யாது. அதனால் யாரும் வழி தவறாமல் இருக்க ஒரு பழைய ஏற்பாடு வைத்திருந்தோம். முன்னால் போகிற கிப் ஹாஸ்கல், சாலை பிரிகிற ஒவ்வொரு மூலையிலும் தனக்குப் பின்னால் வருகிறவரைப் பார்த்து விரலை நீட்டுவான். அவர் அங்கேயே இறங்கி நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் கையைக் காட்டி வழி சொல்ல வேண்டும். மழையோ இடியோ, மஞ்சள் கோட்டுப் போட்ட கடைசி ஆள் வரும்வரை அந்த மூலையை விட்டு நகரக்கூடாது. கடைசி ஆள் வந்ததும் நிற்பவர் கேட்க வேண்டும், "பின்னாடி யாராவது?" அவர் சொல்ல வேண்டும், "யாரும் இல்ல. நான்தான் கடைசி." அப்புறம்தான் கையை இறக்கலாம். ராணுவம் கெட்டது.

இந்தச் சட்டத்தை ஓரினின் மனைவி அர்லீன் மாதிரி யாரும் காப்பாற்றியதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் கரண்டி பிடித்தவள். நூற்று அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் வரிசையில் நிறுத்துவாள். ஒரு வருஷம் அவள் நின்ற மூலைக்கு ஒரு மூஸ் மான் வந்து, குதிரை உயரத்துக்கு, அவள் முகத்துக்கு நேரே நின்று மூச்சு விட்டதாம். இவள் நகரவில்லை. அதற்கும் வலது பக்கம் கையைக் காட்டினாளாம். "அதுவும் சொன்ன பேச்சு கேட்டு வலது பக்கமே போச்சு நெட்டா, உன் நியூ ஜெர்சிக்காரங்கள விட அதுக்குப் புத்தி ஜாஸ்தி" என்றாள்.

ஓரின் வந்து சேரும்போது ஒவ்வொரு முறையும் ஒரே சண்டைதான். "எங்க போய்த் தொலைஞ்ச? நான் இங்க வேர் விட்டுட்டேன்" என்பாள். "கடைசி ஆள் கடைசியாத்தானே வரணும்?" என்பார் அவர். பிறகு இரண்டு பேரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியையும் பதிலையும் பூசை மாதிரி சொல்லிக்கொள்வார்கள். வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சிரிப்பாக வரும்.

அறுபத்தேழு வயதில் அவளுக்கு மறதி ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஓரின் குளியலறைக்குப் போனால் தொட்டி நிறைய பீன்ஸ் கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. "நாளைக்குப் பிள்ளைங்களுக்கு என்ன போடறதாம்?" என்று அவரைத் திட்டியிருக்கிறாள். சமையலறையை விட்டு அவள் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அதை அவர் எங்களிடம் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். அந்த வாரம் முழுக்கத் தெருவில் எல்லார் வீட்டிலும் பீன்ஸ்தான்.

அடுத்த வருஷம் அவளால் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. அதற்கடுத்த வருஷம் தங்கையின் பெயர் போனது, தெருவின் பெயர் போனது. ஆனால் மூலைச் சட்டம் மட்டும் போகவில்லை. நிறுத்தினால் நின்றாள். அதனால் காலையில் நான் அவளை வேனில் கொண்டுபோய் முக்கியமான மூலை ஒன்றில் இறக்கிவிடுவேன். ஒரு மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்கில் காபியும் கொடுப்பேன். நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் கண் மறைந்தால் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறவள், மூலையில் விட்டால் ஆணி அடித்த மாதிரி நிற்பாள்.

"நான் பயப்படாம அவள விட்டுட்டுப் போற ஒரே இடம் அதுதான்" என்றார் ஓரின்.

பர்லிங்டனிலிருந்து அவருடைய தங்கை மகள் ஃபே மாதம் ஒருமுறை வந்து, அத்தையை முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொல்லி மன்றாடினாள். நல்ல பெண்தான். கெட்ட எண்ணம் இல்லை. ஓரின் அவளை எதிர்த்துப் பேச மாட்டார், எழுந்துபோய் அடுப்புக்கு விறகு போடுவார். கடைசியில் ஒரு நாள் என் முன்னாலேயே ஒரு வார்த்தை கொடுத்தார்.

"இங்க பாரு ஃபே. அவளுக்கு என்னைத் தெரியிற வரைக்கும் அவ இந்த வீட்டுலதான் இருப்பா. என்னைத் தெரியலன்னு ஆகிற அன்னிக்கு நானே உனக்குப் போன் பண்றேன். போதுமா?"

"சத்தியமா, மாமா?"

"நான் என்னிக்காவது சொன்னது செய்யாம இருந்திருக்கேனா? லேட்டாச் செய்வேன், அவ்வளவுதான்."

அவர் பேச்சை மீறமாட்டார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் அவள் கண் விழிக்கும்போது முகத்துக்கு நேரே போய் நிற்பாராம். அவள் "என்ன முறைக்கிற, காபி எங்க?" என்று கேட்டுவிட்டால் அவருக்கு அந்த நாள் போதும்.

அந்த அக்டோபரில் பயணத்தின் மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் அடித்த காற்றில் மேப்பிள் இலை பாதி உதிர்ந்து சாலையில் கிடந்தது. அதன்மேல் மழை. ஈர இலைமேல் சக்கரம் ஏறினால் சோப்பின்மேல் கால் வைத்த மாதிரிதான். கிப் காலையில் எல்லாரையும் நிறுத்திப் படித்துப் படித்துச் சொன்னான். நான் அர்லீனைப் பழைய மர ஆலை மூலையில் இறக்கிவிட்டேன். அங்கே வலது பக்கம் திரும்பினால் கணவாய், நேராகப் போனால் நாற்பது மைலுக்குக் காடு. பிறகு சுற்றி வந்து ஓரினுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேன்.

மூலைக்கு மூன்று மைல் முன்னால் இறக்கத்தில் லோவெல் விழுந்தார். நியூ ஜெர்சிப் பல் மருத்துவர், கடைசிக்கு முந்தின ஆள். மரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர் வளைவைப் பார்க்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஓரின் சாலையில் மண்டியிட்டு, தன் மஞ்சள் கோட்டைக் கழற்றி அவர் தோளில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். எலும்பு வெளியே தெரிந்தது. மனிதர் நடுங்கிய நடுக்கத்தில் பல் கிட்டிப்போயிருந்தது. தூக்கி வேனில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி பின்பக்கம், வந்த வழியே இருபத்தைந்து மைல்.

"நீ போ. நான் அர்லீன்கிட்டப் போறேன். திரும்பி வந்து எங்கள ஏத்திக்க" என்றார் ஓரின்.

"உங்க கோட்டு?"

"அத எடுக்காத, அவன் நடுங்குறான். எனக்கு ஸ்வெட்டர் இருக்கு."

பழுப்பு ஸ்வெட்டர், முழங்கையில் ஓட்டை. மழையில் அவர் சைக்கிளில் ஏறிப் போவதைக் கண்ணாடியில் பார்த்தேன். ஸ்வெட்டரோடு போகிறாரே, குளிருமே என்று மட்டும்தான் நினைத்தேன். அந்த வேனில் வேறு போர்வை மூன்று இருந்தது. அதில் ஒன்றை லோவெலுக்குப் போர்த்திவிட்டுக் கோட்டை வாங்கிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அந்தப் போர்வைகளைப் பார்த்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

நான் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரத்தில் மூலையில் என்ன நடந்தது என்பதை ஓரின் எனக்கு அந்தக் குளிர்காலத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அர்லீன் மழையில் வலது பக்கம் கையை நீட்டியபடி நின்றாள். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் சைக்கிளை நிறுத்தினார். அவள் வழக்கமாகத் திட்டுவாள் என்று காத்திருந்தார்.

"வலது பக்கம்" என்றாள் அவள். "இறக்கத்துல பார்த்துப் போங்க, வழுக்கும்."

"அர்லீன், நான்தான். வா, அந்த ஆலைக் கூரைக்குக் கீழ போய் நிக்கலாம்."

"நீங்க போங்க சார். நான் நகரக்கூடாது. என் வீட்டுக்காரர் வரணும்."

வழியில் போகிற யாரிடமோ பேசும் மரியாதையோடு சொன்னாளாம். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவள் அலறினாள், முகத்தில் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தைத்தான் தாங்க முடியவில்லை என்றார் ஓரின். நாற்பத்து நான்கு வருஷத்தில் அவளை ஒருமுறைகூடப் பயமுறுத்தியதில்லை. கையை விட்டுவிட்டார். பழைய டிரக்கில் வந்த ஒரு விவசாயி நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொன்னார். அவள் அவருக்கும் வலது பக்கம் கையைக் காட்டினாள்.

ஓரின் மடக்கு நாற்காலியை விரித்து அவள் பக்கத்தில் போட்டார். அவள் உட்காரவில்லை, அவர் உட்கார்ந்தார். ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த காபியை மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டினார். அவள் பாதி குடித்துவிட்டு மீதியை அவரிடமே கொடுத்தாள். பள்ளிக்கூடச் சமையல்காரி, யாரையும் வெறும் வயிற்றோடு விடமாட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருப்பார்?" என்று கேட்டார்.

"மஞ்சள் கோட்டு."

"சரி. ஆள் எப்படி?"

"மெதுவா வருவார். எல்லாரையும் காக்க வைப்பார். கல்யாணத்துக்கே லேட்டா வந்தார்னா பாருங்களேன். பாதிரியார் வாட்சைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார், எங்கம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க."

"நீங்க?"

"நான் எதுக்கு அழணும்? அவர் வருவார்னு எனக்குத் தெரியும்."

"பேர் என்ன அவருக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கோபம்தான் வந்தது. "உங்களுக்கு எதுக்கு அவர் பேரு? வந்தா நீங்களே கேட்டுக்கோங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு ஓரின் நனைந்த ஸ்வெட்டரோடு நாற்காலியில் உட்கார்ந்து, தன் மனைவிக்குப் பக்கத்தில், தான் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

நான் போனபோது வேன் நிற்பதற்குள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"கோட்டு இருக்கா?"

பிளாஸ்டிக் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கோட்டின் இடது கையைக் கத்தரியால் வெட்டிவிட்டிருந்தார்கள். மார்பெல்லாம் ரத்தக் கறை. அதை அப்படியே மாட்டிக்கொண்டார், வெட்டுப்பட்ட கை தொங்கியது. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வளைவுக்குப் பின்னால் போனார். ஒரு நிமிஷம் கழித்து மிதித்துக்கொண்டு வந்தார்.

அர்லீன் முகம் மலர்ந்ததை நான் வேனிலிருந்து பார்த்தேன்.

"எங்க போய்த் தொலைஞ்ச? நான் இங்க வேர் விட்டுட்டேன்!"

"கடைசி ஆள் கடைசியாத்தானே வரணும்?"

"பின்னாடி யாராவது?"

"யாரும் இல்ல. நான்தான் கடைசி."

அவள் கையை இறக்கினாள். தானாக வேனில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓரின் சைக்கிளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தபோது என் காதோரம் குனிந்தாள்.

"நெட்டா, இங்க ஒரு வயசானவர் உட்கார்ந்திருந்தார். எங்க போனார்னு தெரியல. நல்ல மனுஷன், பாவம், தொப்பலா நனைஞ்சுட்டார். பார்த்தா அவருக்குச் சூடா ஏதாவது குடு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஓரின் ஏறினார். அவரும் கேட்டிருக்க வேண்டும். கணவாய் உச்சியை நோக்கி வேனை எடுத்தேன். இரண்டு பக்கமும் மலை சிவப்பும் மஞ்சளுமாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

உச்சியிலிருந்த தேவாலயத்தில் எல்லாரும் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கும் முன் ஓரின் என் தோளைத் தொட்டார்.

"ஃபேகிட்டச் சொல்லாத."

"ஓரின், நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"அவளுக்கு என்னைத் தெரிஞ்சுது. நீயே பார்த்தல்ல?"

"கோட்டைத் தெரிஞ்சுது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "கோட்டுக்குள்ள நான்தானே இருக்கேன்" என்றார்.

வாழ்க்கையில் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் காப்பாற்றவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கோட்டின் கையை மீன் பிடிக்கும் நரம்பால் தானே தைத்தார், கோணல் மாணலாக. லோவெல் தோள் குணமாகி, நன்றி சொல்லிப் புதிய கோட்டு ஒன்று அனுப்பினார். விலை உயர்ந்த சரக்கு, கண்ணைக் குத்துகிற மஞ்சள். ஓரின் போட்டுக்கொண்டு நின்றபோது அர்லீன், "யாரோடது இது? கழட்டி வை, அவங்க தேடப்போறாங்க" என்று சொல்லிவிட்டாள். பழைய கோட்டுதான் வேண்டும். அதைக் காலையில் அவள் கண் விழிக்கும் முன் போட்டுக்கொள்வார். அதோடு முட்டை பொரிப்பார், அதோடு அவளுக்குத் தலை வாரிவிடுவார். ஜூலை வெயிலில் வியர்த்து ஊற்றும்போதும் கழற்றமாட்டார். கடைத்தெருவில் ஆட்கள் சிரித்தார்கள். "என்ன ஓரின், சமையலறையிலயும் டிராஃபிக் ஜாஸ்தியா?" என்று கேட்டவனிடம், "ஆமா, ஒரு போலீஸ்காரி இருக்கா" என்றார். கோட்டில்லாமல் அவர் குளித்துவிட்டு வந்த ஒரு காலையில் அவள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அதை மட்டும் அவர் சிரிப்புக் கதையாகச் சொல்லவில்லை.

இப்படி இரண்டு வருஷம் ஐந்து மாதம் அவளை வீட்டில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு இருவரும் எங்கள் பயணத்துக்கு வரவில்லை. அக்டோபரில் மட்டும் இருவரும் வீட்டு வாசலில் நின்று எங்களுக்குக் கை காட்டுவார்கள், அர்லீன் வலது பக்கம் காட்டுவாள்.

மார்ச் மாதம், சேறும் பனியுமாக இருந்த ஒரு காலையில், விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓரின் விழுந்து கிடந்தார். தபால்காரப் பெண்தான் பார்த்தாள். மாரடைப்பு. கையில் மூன்று விறகுக் கட்டை, உடம்பில் மஞ்சள் கோட்டு. அர்லீன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாளாம். "அவர் கடைசியாத்தான் வருவார், நீங்க முன்னால போங்க" என்று தபால்காரப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஃபே அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். நான்காம் நாள் அங்கிருந்து எனக்குப் போன். அர்லீன் அறைக்குள் வரமாட்டேன் என்கிறாள். நீளமான நடைவழி இரண்டாகப் பிரிகிற மூலையில் போய் நிற்கிறாள். சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிற கிழவர் கிழவிகளுக்கெல்லாம் வலது பக்கம் கையைக் காட்டுகிறாள், அது சரியான வழியும்கூட. ஆனால் தான் மட்டும் போவதில்லை. உட்கார வைத்தால் எழுந்துவிடுகிறாள். கால் வீங்கிவிட்டது. "யாருக்காகவோ காத்திருக்கேன்னு சொல்றாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள் அங்கிருந்த நர்ஸ்.

அடக்கத்துக்கு முன் கழற்றி வைத்திருந்த கோட்டை ஃபே வீட்டுப் பைகளில் தேடி எடுத்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கோணல் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

கோட்டு எனக்கு முழங்கால் வரை வந்தது. விறகுப் புகை வாசனையும் அவர் வாசனையும் அதில் இருந்தன. இல்லத்து நடைவழியின் அந்தக் கோடியில் போட்டுக்கொண்டு நடந்து வந்தேன். ஐந்தடி உயரத்தில், நரைத்த கொண்டையோடு, இருபது வருஷப் பழக்கக்காரியான என்னை ஓரின் என்று எந்தப் பைத்தியம் நம்பும் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச? நான் இங்க வேர் விட்டுட்டேன்."

"கடைசி ஆள் கடைசியாத்தானே வரணும்?" என்றேன்.

அவள் என் தோளுக்கு மேலே எட்டி, நான் வந்த வழியைப் பார்த்தாள். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"பின்னாடி யாராவது?"

இத்தனை வருஷம் வேனில் உட்கார்ந்து கேட்டுச் சிரித்த பதில்தான். திரும்பி, காலியாகக் கிடந்த நடைவழியை நானும் ஒருமுறை பார்த்தேன்.

"யாரும் இல்ல, அர்லீன்" என்றேன். "நான்தான் கடைசி."

அவள் கையை இறக்கினாள். "அப்பாடா, கால் வலிக்குது" என்று தைத்த கையைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.